அதோந்தேயிடம் கேட்ட முதல் கேள்வி

திங்கட்கிழமை மாலை எண்ணைப் பார்த்ததும் ஸியோமாரா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு தேடல்கள். அவர்களுடைய தேடுபொறி அதோந்தே பிறந்த பதினான்கு மாதங்களில், அவளும் கூட்டாளி எலாதியோவும் சோதனைக்காகத் தட்டியதைக் கழித்தால், மொத்தமாகவே அவ்வளவு வந்ததில்லை.

கதவு எண் இல்லாமல் அடையாளம் சொல்லியே வழி கேட்கும் சான் ஹோசேயில் எந்த இடத்தையும் கண்டுபிடித்துத் தரும் தேடுபொறி என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அது பொய்யில்லை. "பழைய ஐஸ் பேக்டரியிலிருந்து தெற்கே இருநூறு மீட்டர், கோபக்கார வாத்து இருக்கும் வீடு" என்று தட்டினால், உலகமே பயன்படுத்தும் பெரிய தேடுபொறி வாத்துக்கறிச் செய்முறையைக் காட்டும். அதோந்தே வீட்டைக் காட்டும். ஐஸ் பேக்டரியை இடித்து முப்பது வருஷமாகிறது என்பதும் அதற்குத் தெரியும்.

மருந்துக் கடைகளின் முதலாளி தோன் எவேலியோ ஒரே ஒரு கடையில் அதைத் திங்கள் முதல் ஐந்து நாள் வைத்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள என் ஆளுங்க பழகிட்டாங்கன்னா நாப்பது கடையிலயும் போடுறேன். இல்லேன்னா கைகுடுத்துப் பிரிஞ்சுடலாம்."

"எதைத் தேடியிருக்காங்கன்னு பாத்தியா?" என்றான் எலாதியோ.

பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே சொல். பெரிய தேடுபொறியின் பெயர்.

மறுநாள் காலை கடைக்கே போனாள். கல்லாவில் இருந்த தோன்யா மிரேயா முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றாள். "ரொம்ப நல்ல மெஷின், கண்ணு. பேரத் தட்டினா ஒரு நொடியில அங்க கொண்டுபோய் விட்டுடுது."

"இதுலயே தேடலாமே, தோன்யா மிரேயா. மருந்து அனுப்ப வேண்டிய வீடு தெரியலேன்னா என்ன பண்ணுவீங்க?"

மிரேயா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "உலிசெஸ்! வாத்து வீட்டுக்கு எப்படிப் போறது?"

வெளியே சிவப்புக் குடையின் கீழ் லாட்டரிச் சீட்டு விற்கும் தோன் உலிசெஸ் தலையைத் திருப்பவில்லை. "போகாத. வாத்து செத்துப் போச்சு, அந்தம்மா போன வாரமே மக வீட்டுக்குப் போயிட்டாங்க. பேக்கரிக்குப் பின்னால. மூட்டு வலி மாத்திரைதானே? இருபத்தேழாம் நம்பர் சீட்டு ஒண்ணு மிச்சமிருக்கு, எடுத்து வைக்கட்டா?"

அலுவலகம் திரும்பிய ஸியோமாரா பையைத் தூக்கிப் போட்டாள். "நம்ம எதிரி கலிபோர்னியாவுல இல்ல. குடைக்குக் கீழ உக்காந்திருக்கான்."

"எத்தன சர்வர் வச்சிருக்கான்?"

"ஒரு ஸ்டூல்."

புதனும் வியாழனும் அதே கதைதான். வெள்ளி காலை எவேலியோ தொலைபேசியில் அழைத்தார். "உருப்படியா பத்து கேள்வி வரட்டும், இன்னொரு வாரம் தர்றேன். சாயங்காலம் அஞ்சு மணி, அதோட முடிஞ்சுது."

பத்தே முக்காலுக்கு மருந்துக் கடையிலிருந்து திரையில் ஒரு வரி வந்தது. 'உலிசெஸ் எங்கே?'

எலாதியோ காபியைக் கொட்டிவிட்டான். அதோந்தே அரை நொடியில் பதில் சொன்னது: 'மருந்துக் கடையிலிருந்து கிழக்கே பத்து மீட்டர், சிவப்புக் குடை.'

அடுத்த வரி உடனே வந்தது. 'குடையே இல்லையே, முட்டாளே.'

"அவ்வளவுதான். இனிமே எட்டிப் பாக்க மாட்டாங்க," என்றான் எலாதியோ. ஸியோமாரா அதற்குள் படியிறங்கிக் கொண்டிருந்தாள்.

செருப்பு தைப்பவரைக் கேட்டாள், அன்னாசி விற்பவளைக் கேட்டாள். உலிசெஸ் பல் டாக்டரின் நாற்காலியில் வாய் நிறையப் பஞ்சோடு கிடந்தார். மூச்சிரைக்க, அதோந்தேயே சொல்வதுபோல், தன் கைபேசியில் தட்டினாள்: 'பழைய தியேட்டரிலிருந்து மேற்கே ஐம்பது மீட்டர். பல் பிடுங்குகிறார். மதியம் வருவார்.'

கடையிலிருந்து அடுத்த வரி வந்தது: 'அடேயப்பா! சரி, ஊமை தையல்காரர் வீடு எங்கே?'

"தோன் உலிசெஸ், ஊமை தையல்காரர் வீடு?"

உலிசெஸ் இரண்டு விரலைக் காட்டினார். இடப்பக்கம் கையை வீசினார். பிறகு தலைக்கு மேல் இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினார்.

"மாமரமா?"

தலையசைத்தார்.

"ஆடாதீங்கய்யா!" என்று கத்தினார் டாக்டர். "ஊசி குத்திடும்!"

மதியத்துக்குள் பதினொரு கேள்விகள். கடைசியில் பதினொன்றுக்கும் சரியான பதில்.

ஐந்து மணிக்கு எவேலியோ அழைத்தார். "ஒரு வாரம் தந்தாச்சு. காலையில முட்டாள்னு திட்டு வாங்கின மெஷினுக்கு மதியத்துல எப்படிம்மா புத்தி வந்தது?"

"புதுசா ஒரு சர்வர் சேத்திருக்கோம், தோன் எவேலியோ."

"அப்படியா? எங்க வச்சிருக்கீங்க?"

ஸியோமாரா மருந்துக் கடை ஜன்னல் வழியாகச் சிவப்புக் குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க கடையிலிருந்து கிழக்கே பத்து மீட்டர்."