ஏலத்துக்கு வந்த ராட்டினம்

பொருட்காட்சிக் கம்பெனி முதலாளி செத்துப்போய், வாரிசுகளின் வழக்கில் சாமான்களை எல்லாம் ஏலம் போடச் சொல்லிவிட்டது கோர்ட். அந்தச் செய்தி தொண்டூருக்கு வந்ததிலிருந்து ரஞ்சிதத்துக்குச் சோறு இறங்கவில்லை. செஞ்சியில் ஒரு ரைஸ் மில் களத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள், ஏலத்துக்கு முந்தின நாள் யாரும் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். ஏலம் முடிந்தால் ராட்டினம் எந்த ஊருக்குப் போகுமோ. அவளுக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

எண்பத்து மூன்றில், இதே செஞ்சியில், அந்த ராட்டினத்தின் உச்சியிலிருந்துதான் அவள் மகள் பூங்காவனம் விழுந்தாள். ஆறு வயசு. விழாமல் இருக்கக் குறுக்கே போடும் கம்பியைத் தாயே எடுத்துவிட்டுப் பிள்ளையை நிற்க வைத்தாள் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். ஊரும் அதையே சொன்னது. கம்பி தானாகத் திறந்துகொண்டது என்று ரஞ்சிதம் கதறியதை யாரும் காதில் வாங்கவில்லை. புருஷன் விநாயகம் அடிக்கவில்லை, திட்டவில்லை. காரியம் முடிந்த அன்று, "நீ கெட்டியா புடிச்சிருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு மகளைப் பற்றி அவளிடம் பேசவே இல்லை.

மில்லுக்கு வரமாட்டேன் என்றுதான் இப்போதும் சொன்னான். அவள் தனியாக பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டான்.

களத்தில் நல்ல கூட்டம். கால் உடைந்த மரக்குதிரைகள், மரணக் கிணற்றின் பலகைகள், மோட்டார் சைக்கிள்காரன் கைகளை விரித்துக்கொண்டு சிரிக்கும் தகர போர்டு. ஆளைக் குண்டாகவும் ஒல்லியாகவும் காட்டும் கண்ணாடிகளின் முன்னால் நின்று ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த கோர்ட் அமீனா, "பாக்கலாம், தொடக் கூடாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். விநாயகம் உள்ளே வரவில்லை. சுவரோரம் நின்றுகொண்டான்.

ராட்டினத்தைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். ஆட்கள் உட்காரும் தொட்டிகள் தரையில் வரிசையாகக் கிடந்தன. அன்றைக்கு அவளும் மகளும் ஏறியது மஞ்சள் தொட்டி. இப்போது எல்லாவற்றுக்கும் நீலப் பெயிண்ட் அடித்திருந்தது. எது அந்தத் தொட்டி என்று தெரியவில்லை. முதல் தொட்டியில் ஏறி உட்கார்ந்து குறுக்குக் கம்பியைப் போட்டாள். கொக்கி வளையத்தில் விழுந்தது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அடுத்ததில் உட்கார்ந்தாள். அதுவும் அசையவில்லை.

"இன்னாம்மா பண்ற? எறங்கு."

அமீனா எழுந்து வந்துவிட்டார்.

"ஐயா, கொஞ்ச நேரம் வுடுங்கய்யா. எம் பொண்ணு இதுலர்ந்துதான் வுழுந்துச்சு."

அவர் அவளையும் தொட்டியையும் பார்த்தார். "இப்ப பாத்து இன்னா ஆவப்போவுது" என்று முணுமுணுத்தார். ஆனாலும் திரும்பிப் போய்விட்டார்.

வரிசை முடியும்வரை இழுத்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. ஒரு கம்பிகூடத் திறக்கவில்லை. நிஜமாகவே நான்தான் எடுத்துவிட்டேனோ என்று அவளுக்கே அப்போதுதான் முதல்முதலாகத் தோன்றியது. எழுந்து விநாயகத்திடம் ஓடினாள்.

"ஏங்க, வந்து உக்காருங்க. மேல அது ஆடுச்சு. இங்க சும்மா கெடக்குது. நான் ஆட்டுறன்."

"வா போலாம். பஸ்ஸு போயிடும்."

"ஒரே ஒரு தபா. அப்புறம் ஒங்கள எதுவும் கேக்கமாட்டன்."

அவளைக் கிளப்பினால் போதும் என்றுதான் வந்து உட்கார்ந்தான். அடி வளைந்த தொட்டி. ரஞ்சிதம் தோளைக் கொடுத்து முன்னும் பின்னும் ஆட்டினாள். நாலைந்து ஆட்டம் ஆடுவதற்குள் கொக்கி துள்ளி வளையத்தை விட்டு வெளியே வந்தது. கம்பி விரியத் திறந்தது. அதில் சாய்ந்திருந்த விநாயகம் தரையில் குப்புற விழுந்தான்.

எழுந்தான். மறுபடி ஏறினான். கொக்கியைத் தானே மாட்டி, அழுத்தியும் பார்த்துக்கொண்டான்.

"ஆட்டு."

மறுபடியும் திறந்தது.

"வேணாங்க, போதும்."

"ஆட்டுன்றன்ல."

ராட்டினத்தை ஏலத்தில் எடுக்க ஆற்காட்டிலிருந்து வந்திருந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய கொக்கி, தேஞ்சிருக்கும்" என்றார். விநாயகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "மாத்திடுவீங்களா? எல்லாத்தையும் மாத்திடுவீங்களா, சார்?"

"மொதல்ல ஏலத்துல கெடைக்கட்டும்பா" என்று கையை விடுவித்துக்கொண்டு போனார் அவர்.

விநாயகம் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கொக்கியைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"வுழும்போது ஒன்ன கூப்ட்டுச்சா?"

"ஒங்களத்தான். நைனான்னுச்சு" என்றாள் ரஞ்சிதம்.

அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

மறுநாளும் இருவரும் வந்தார்கள். ராட்டினம் ஆற்காட்டுக்காரருக்கே போனது. தொட்டிகளை லாரியில் ஏற்றிய ஒவ்வொரு ஆளிடமும் போய்க் கொக்கியைப் பற்றிச் சொன்னார்கள். சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டே ஏற்றினார்கள்.