மூன்றாவது மூச்சு

மூன்று ஊர்கள் சேர்ந்து நடத்திய மருத்துவக் காப்பீட்டில் ஆற்றோர நகராட்சி தன் பங்கைக் கட்டாமல் நிறுத்திய வருடம், அந்த ஊர்க்காரர்கள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே குணமாகித் திரும்பினார்கள். பெயிண்டருக்குக் கண்புரை எடுத்தார்கள். கட்டைப் பிரித்தபோது பார்வையின் ஓரத்தில் ஒரு துண்டு இருட்டாகவே இருந்தது. தபால்காரரின் முறிந்த கால் எலும்பு கொஞ்ச தூரம் கூடிவந்து, அதற்கப்புறம் கூட மாட்டேன் என்று நின்றுவிட்டது. அதே டாக்டர்கள் அதே கையால் வைத்தியம் பார்த்த மற்ற இரண்டு ஊர்க்காரர்கள் முழுசாக எழுந்து போனார்கள். "அடுத்த ஊர்க்காரன் இருமலுக்கு நாம ஏன் தண்டம் அழணும்?" என்று நகராட்சித் தலைவர் கூட்டத்தில் கேட்டபோது, உறுப்பினர்கள் எல்லோரும் கை தூக்கியிருந்தார்கள். அவர்களில் வெல்டிங் பட்டறைக்காரரும் ஒருவர். அப்போது அவர் மனைவிக்கு ஏழாவது மாசம்.

அவள் தையல்காரி. பெயிண்டரின் கண்ணைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. "நம்ம குழந்தையும் மூணுல ரெண்டு பங்குதான் வருமாங்க?" என்று கேட்டாள். பட்டறைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பிறந்தது பெண். விரல், காது, கண் எல்லாம் சரியாக இருந்தன. "முழுசாத்தான் இருக்கா, பயப்படாதே" என்றாள் நர்ஸ். வீட்டுக்கு வந்து தொட்டிலில் போட்ட பிறகுதான் தாய் அதைக் கவனித்தாள். குழந்தைக்கு இரண்டு மூச்சு வந்தது, மூன்றாவது வரவில்லை. நெஞ்சு அசையாமல் காத்துக் கிடந்தது, உதடு நீலம் பாரித்தது, பிறகு மறுபடி இரண்டு மூச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, "எங்களால ஆன பங்கைச் செஞ்சுட்டோம்மா" என்றார்.

அன்று மாலை தொட்டில்மேல் குனிந்திருந்த பட்டறைக்காரர், பயத்தில் தன் மூச்சை அடக்கிக்கொண்டார். குழந்தைக்கு மூன்றாவது மூச்சு வந்தது. மூச்சை விட்டார், அடுத்த முறை வரவில்லை. பக்கத்தில் யாராவது ஒரு மூச்சை விட்டுக்கொடுத்தால் அது குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அவர் பட்டறையில் நெருப்புக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தார் வர ஆரம்பித்தார்கள். பெயிண்டர் வந்தார். தபால்காரர் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். கடைசியாக, யாரும் கூப்பிடாமலே, தலைவர் வந்தார்.

"உக்காருங்க. பேசாதீங்கண்ணா, பேசினா தப்பிப்போயிடும்" என்றாள் தையல்காரி. அவர் மூச்சை அடக்கினார். குழந்தையின் நெஞ்சு எழும்பி இறங்கியது. எழுந்து போகும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்த கூட்டத்தில் நகராட்சி பாக்கியோடு சேர்த்துப் பங்கைக் கட்டியது. அதற்குப்பின் நோயில் விழுந்தவர்கள் முழுசாகத் தேறினார்கள். முன்பு விழுந்தவர்கள் அப்படியேதான் இருந்தார்கள்.

சிறுமி வளர்ந்தாள். பள்ளியில் டீச்சர் மூச்சு கொடுத்தார், கடையில் கடைக்காரர் கொடுத்தார்; யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசவில்லை. ஆனால் தாய் அவளை ஊர் எல்லையைத் தாண்டி மட்டும் கூட்டிப்போனதில்லை. வெளியூரில் நாத்தனார் சாகக் கிடக்கிறாள் என்று தகவல் வந்தபோது, பட்டறைக்காரர் அவளைப் பார்க்க முன்பே கிளம்பிப் போயிருந்தார். இவர்களும் பஸ் ஏறித்தான் ஆகவேண்டியிருந்தது. மடியில் தூங்கும் மகளுக்கு வழியெல்லாம் தானே கொடுத்துக்கொண்டு வந்தவள், அசதியில் கண்ணயர்ந்தாள். பதறி விழித்தபோது பஸ் இரண்டு ஊர் தாண்டியிருந்தது. மகளின் நெஞ்சில் கையை வைத்தாள். மூச்சு விட்டுப்போகாமல் வந்துகொண்டிருந்தது. எதிர் சீட்டில் முன்பின் தெரியாத ஒரு பருத்த மனிதர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகளின் மூன்றாவது மூச்சு வரும்போதெல்லாம் அவர் மூச்சு தடைப்பட்டது, அவர் அதைக் கவனிக்காமலே பக்கத்தைத் திருப்பினார். அவர் இறங்கிய நிறுத்தத்தில் கைப்பையோடு ஏறிய ஒரு பெண் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் அப்படியே ஆயிற்று. தையல்காரி மகளின் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல், இறங்கும்வரை விழித்தே இருந்தாள்.