மூன்று மாதத்துக்குள்

பள்ளிக்கூடத்துக்கான சோக்குக்கட்டிப் பெட்டியைக் கட்டித்தர வேண்டிய கடைக்காரர் அலியார் நானா, கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். தலவாக்கலைக் கடைத்தெருவில் சனிக்கிழமை மத்தியானக் கூட்டம். தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள் கம்பளியைத் தோளில் போட்டபடி கடை கடையாக ஏறி இறங்கினார்கள். லிந்துலை பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்ததால் இசபெல் டீச்சருக்கு அவசரமில்லை.

“இங்க பாருங்க டீச்சர். போன மாசம் நம்ம கொழும்புல ஆறு நாட்டுக்காரங்க கூடி ஒரு சமாதானக் கடதாசி எழுதினாங்கல்ல, சீனாக்காரன் எவ்வளவு தூரம் பின்னால போகணும், இந்தியாக்காரன் எங்க நிக்கணும்னு? அதுல ரெண்டு மூணு வரி இந்தியாவுக்கு வெளங்கலயாம். இதுக்கு என்ன அர்த்தம், அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டிருக்காங்க. நம்ம ஆளுங்க டெல்லிக்கே போயி வெளக்கம் சொல்லி, எழுத்துலயும் குடுத்துட்டு வந்திருக்காங்க!”

“அப்பிடித்தானே கேக்கணும் நானா. எல்லைச் சண்டைல ஒரு சொல்லு தப்பினா அம்புட்டும் தப்பிடும்.”

டிசம்பரில் அந்த மாநாடு நடந்த நாட்களில் அவள் கரும்பலகையில் இமயமலையை வரைந்து, இரண்டு பக்கமும் படைகள் நிற்பதைக் கோடு போட்டுக் காட்டியிருந்தாள். நம்முடைய சின்னத் தீவுக்கு வந்துதான் பெரிய நாடுகளின் சண்டைக்கு வழி தேடுகிறார்கள் என்று சொன்னபோது பிள்ளைகளைவிட அவளுக்குத்தான் பெருமையாக இருந்தது.

“அவ்வளவு பெரிய நாடே வெளங்கலன்னு கேக்குறப்போ நமக்கென்ன வெக்கம்?” என்றார் அலியார். “நானும் கேட்டுட்டேன்.” மேசை இழுப்பறையைத் திறந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். “பிரஜாவுரிமைக் கந்தோருல இருந்து வந்தது. எங்க வாப்பா கீழக்கரையில இருந்து வந்தவருன்னு எனக்கும் இந்தத் தலையிடி. நாலு பேரு நாலு விதமா வாசிச்சாங்க. நேரா நுவரெலியா போயி, சட்டம் படிச்ச புரொக்டர் ஐயாகிட்ட நீட்டிட்டேன். ஓரத்துல தமிழ்ல எழுதித் தந்துட்டாரு, பாருங்க.”

தலைப்பில் சிங்களம், உள்ளே ஆங்கிலம். பதினொரு வரி, ஒரே வாக்கியம். இசபெலுக்கு அந்த வாக்கியத்தைத் தெரியும். எண்களும் பெயரும்தான் வேறு. இரண்டாவது வரியில் ‘அன்லெஸ்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. அங்கிருந்து ஒரு கோடு, சட்டப் பிரிவுகளையும் உபபிரிவுகளையும் தாண்டி, ஒன்பதாவது வரியில் ‘ரெஃப்யூஸ்’ என்ற சொல்லுக்குப் போனது. ஓரத்தில் தமிழில்: ‘மூன்று மாதத்துக்குள் நீ காரணம் காட்டாவிட்டால் உன் மனுவைத் தள்ளிவிடுவேன்.’

அவள் அதை இன்னொரு தடவை வாசித்தாள். கடையின் சத்தமெல்லாம் தூரத்தில் எங்கோ கேட்பதுபோல் ஆயிற்று. கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

“டீச்சர்? என்ன, மொகம் வெளுத்துப் போச்சு?”

“இன்னைக்கு என்ன திகதி நானா?”

“இருபத்தாறு.”

இதே வாக்கியத்தோடு தோட்டத்துப் பொன்னையா அவளிடம் கொண்டுவந்த கடிதத்தின் திகதி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. 1962 ஒக்டோபர் பதினெட்டு. சோக்குக்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொள்ளாமலே அவள் தெருவில் இறங்கினாள்.

எட்டு நாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அதைத் தவிர வேறொன்றும் அவள் மனத்தில் நிற்கவில்லை. எட்டே நாள் பிந்திவிட்டது.

பொன்னையா அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தது எல்லைச் சண்டை தொடங்கிய வாரம். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வந்த ஐந்தாறு பேர் வாசலில் கூடிவிட்டார்கள். பொன்னையா நாற்பது வயதுக்காரன், மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். நாற்பத்தேழாம் ஆண்டுத் தேர்தலில் வாக்குப் போட்டவன். அடுத்த வருடமே சட்டம் வந்து, இந்திய வம்சம் என்று சொல்லி, பிறந்த தோட்டத்திலேயே அவனை அந்நியனாக்கியது. ஐம்பத்தோராம் ஆண்டு தனக்கும் மனைவி லெட்சுமிக்கும் சேர்த்துப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டுவிட்டுப் பதினொரு வருடமாகக் காத்திருந்தான். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இசபெல் ஹட்டனில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அந்தத் தோட்டத்தில் கந்தோருக்கு வெளியே ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். தந்தி வந்தாலும் மருந்துச் சீட்டு வந்தாலும் அவளிடம்தான் வரும். அன்றைக்கு அந்த வாக்கியத்தில் இறங்கியவள் நாலாவது வரியிலேயே வழி தவறிவிட்டாள். ‘மூன்று மாதம்’ தெரிந்தது. ‘மனு’ தெரிந்தது. ‘உத்தரவு’ தெரிந்தது. ‘ரெஃப்யூஸ்’ என்ற இடத்தில் கண் ஒரு கணம் நின்றதும் உண்மை. ஆனால் அதற்குள் வாக்கியத்தின் தலை எங்கே, வால் எங்கே என்று மறந்துபோயிருந்தது. யாருக்கோ, எதற்கோ உள்ள பொது விதி போலிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“மூணு மாசத்துக்குள்ள உத்தரவு வரும்ண்ணே. பொறுத்திருங்க,” என்றாள்.

“நல்ல சேதிதானேம்மா?”

“நல்லதாத்தான் இருக்கும்.”

மறுநாள் லெட்சுமி ஆறு முட்டையை முந்தானையில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். இசபெல் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடிதத்தின் அடியில் காரணமும் சொல்லியிருந்தது. அந்த வரி அப்போதே அவளுக்குப் புரிந்தது, மேலே உள்ளதன் தலையும் வாலும் புரியாததால் அதையும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டாள். மனுதாரரின் மனைவி தொடர்ந்து இலங்கையில் வசித்ததற்கு ஆதாரம் போதாது. அவ்வளவுதான். லெட்சுமி பிறந்தது வட்டவளைத் தோட்டத்தில். அங்கிருந்து ஒரு சான்றுக் கடிதம் வாங்கி முத்திரை ஒட்டிப் போட்டிருந்தால் போதும்.

அண்ணன் றோலண்ட் தோட்டக் கந்தோரில் கிளாக்கர். அன்று மாலை வீட்டில் அவள் சொல்லி முடிக்கும்வரை சப்பாத்தைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து கதவைச் சாத்தினான்.

“யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. நூறு மனுப் போனா எத்தன தேறுது? நீ சரியா வாசிச்சிருந்தாலும் தள்ளித்தான் இருப்பாங்க. அவங்களுக்கு நீ தப்பா வாசிச்சது தெரியாது. தெரிஞ்சா நாளைக்கு யாரு ஒன்கிட்ட புள்ளைய அனுப்புவா?”

“அண்ணே, அவங்க நம்பி வந்தாங்க.”

“நமக்குக் கெடச்சிருச்சில்ல? அத மட்டும் நெனச்சுக்க. வாயத் தொறக்காத.”

அவர்களுடைய பிரஜாவுரிமைப் பத்திரம் ஐம்பத்தேழிலேயே வந்துவிட்டது. அப்பாவின் மனுவைக் கந்தோர்ப் பெரிய கிளாக்கர் எழுதிக் கொடுத்தார். எப்படி எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இசபெல் அதைப் பற்றி இதற்குமுன் ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் இறங்கினாள். இரவு விழுந்த உறைபனியில் கருகிய புல் வெயில் பட்டுக் கறுத்துக் கிடந்தது. பொன்னையா தன் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் குந்தியிருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். லெட்சுமி உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் ஒரு சாக்கை உதறி விரித்தாள். இசபெல் உட்காரவில்லை.

“பொன்னையாண்ணே, அந்தக் கடுதாசிய நா தப்பா வாசிச்சிட்டேன்.”

அவன் சிரித்த முகத்தோடுதான் நிமிர்ந்தான். “எந்தக் கடுதாசிங்க?”

அவள் சொன்னாள். ஆங்கிலத்தை விட்டு, சட்டத்தை விட்டு, அலியாரின் கடிதத்து ஓரத்தில் இருந்ததை அப்படியே சொன்னாள். லெட்சுமி தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததைக் காட்டச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்குள் காட்டாவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவோம் என்றார்கள். மூன்று மாதம் போன வெள்ளிக்கு முந்திய வெள்ளியோடு முடிந்துவிட்டது.

மண்வெட்டியைப் பிடித்திருந்த பொன்னையாவின் கை அப்படியே நின்றது. அடுப்படியிலிருந்து லெட்சுமிதான் எழுந்து வந்தாள்.

“நா எங்க போனேன்?” என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. “வட்டவளையில பொறந்தேன். ரயிலேறி ஒரு மணி நேரத்துல இங்க வாக்கப்பட்டு வந்தேன். நா கடலயே பாத்ததில்ல டீச்சரம்மா. நா எங்க போனேன்னு சொல்றாங்க?”

“எங்கயும் போகலக்கா. அதத்தான் எழுதி அனுப்பியிருக்கணும்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

லெட்சுமி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்து சீறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பொன்னையா மண்வெட்டியை ஓரமாக வைத்தான். குரல் உயரவில்லை.

“அன்னைக்கு ஒங்களுக்கு வெளங்கலயா டீச்சரம்மா?”

“பாதி வெளங்கல.”

“வெளங்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நா வேற ஆளுகிட்டப் போயிருப்பேனே.”

அவன் ஏசியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மண்வெட்டியைத் தூக்கி எறிந்திருக்கலாம். “சொல்ல வெக்கமா இருந்துச்சுண்ணே,” என்றாள். சொன்ன பிறகு அழுகை வந்தது. அழுவதற்கும் வெட்கமாக இருந்தது.

“சீனாக்காரனும் இந்தியாக்காரனும் அடிச்சுக்கிட்டதுக்கு ஆறு நாட்டுல இருந்து ஆளு வந்து ஒக்காந்து பேசினாங்கன்னு நீங்கதான் பள்ளிக்கூடத்துல சொன்னீங்களாம். யாரு எந்தப் பக்கம் நிக்கணும்னு ஒவ்வொரு வரியா எழுதி வச்சாங்கன்னு. எனக்கு அப்ப ரொம்ப சந்தோசமா இருந்துச்சு,” என்றான் பொன்னையா. “எங்க ரெண்டு பேரையும் எந்தப் பக்கம் நிக்க வைக்கிறதுன்னு எங்களுக்கு வெளங்குற பாசையில ஒருத்தரும் கேக்கலயே.”

பிறகு அவன் எழுந்து, அடுப்புப் பக்கம் போய், சட்டியை இறக்கி வைத்தான்.

திங்கட்கிழமை காலையில், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு முன்னால், இசபெல் றோலண்டிடம் தான் நுவரெலியா போவதாகச் சொன்னாள். அவன் தேநீர்க் கோப்பையை மேசையில் சத்தமாக வைத்தான். பொன்னையாவும் அவளும் புரொக்டர் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். அவர் கடிதத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“காலம் முடிஞ்சுது. தள்ளின கடிதம் இனி எந்த நாளும் வரலாம். வந்த பிறகு மேல் கோட்டுக்கு அப்பீல் போகலாம், அதுக்கும் தவணை நாள் உண்டு. அந்தப் பெண் இங்கதான் இருந்தான்னு ஆதாரம் வேணும். தவணைக்குள்ள ஏன் பதில் போடலன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு சத்தியக் கடதாசி வேணும். யாரு குடுக்கிறது?”

“நான்,” என்றாள் இசபெல்.

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “ஆசிரியைக்கு இங்கிலீஷ் விளங்கலன்னு எழுத வேண்டி வருமே?”

“அப்பிடியே எழுதுங்க ஐயா. தமிழ்லயும் ஒண்ணு எழுதித் தாங்க. நா வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

“ஏத்துக்குவாங்கன்னு நான் உறுதி சொல்லமாட்டேன்.”

“தெரியும் ஐயா.”

அவர் எழுதினார். அவள் இரண்டு மொழியிலும் வாசித்தாள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். அவர் சொன்னார். இன்னொன்றுக்கும் கேட்டாள். பொன்னையா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை மூன்று பேரும் வட்டவளைக்கு ரயிலேறினார்கள். லெட்சுமி கலியாணச் சேலையைக் கட்டியிருந்தாள். தோட்டக் கந்தோரில் இருந்த வயதான கிளாக்கர் விசயத்தைக் கேட்டுவிட்டு, “அந்தக் காலத்துப் புத்தகமெல்லாம் கறையான் தின்னுட்டுதே,” என்றார். லெட்சுமியின் தகப்பன் பெயரைக் கேட்டார். பிறகு, அவள் நின்ற நிலையைப் பார்த்தோ என்னவோ, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. தூசி படிந்த தலையோடு ஒரு நீளமான புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேசைமேல் வைத்தார். தோட்டத்துப் பிறப்புப் பதிவு. ஓரங்களை எல்லாம் கறையான் அரித்திருந்தது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஊதி ஊதிப் பிரித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. அவர் விரல் கீழே கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது.

“இருக்கு,” என்றார். “பொறந்தது இருக்கு. நடுவுல இருந்த வருசங்களுக்குப் பேர்ப்பட்டியல் தேடணும். அது கெடைக்குமோ, கெடைக்காதோ.”

இசபெல் குனிந்து பார்த்தாள். மங்கிய நீல மையில், சாய்ந்த ஆங்கில எழுத்து. பெயரின் கடைசி இரண்டு எழுத்தைக் கறையான் தின்றிருந்தது.

லெட்சுமி மேசைக்குக் கிட்டே வந்தாள். “எதுங்க என் பேரு?”

கிளாக்கர் காட்டினார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த ஆள்காட்டி விரலை அவள் அந்த இடத்தில் வைத்தாள். வெளியே கொழும்புப் பக்கம் கீழ்நோக்கிப் போகிற ரயில் ஊதியது. பொன்னையா திரும்பிப் பார்த்தான். பிரதி எழுதுவதற்காகக் கிளாக்கர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, “கைய எடும்மா, எழுதணும்,” என்றார்.

அவள் எடுக்கவில்லை.