தேய்க்காத மனுஷன்

லானி ரஸ்கா கல்லூரி பேஸ்பால் அணியில் நான்கு வருடம் ஆடினான். அவன் பந்தை அடித்ததைவிடப் பந்து அவனை அடித்ததுதான் அதிகம். வீசிய பந்து மேலே பட்டால், அடிக்காமலேயே முதல் 'பேஸ்' வரை நடந்துபோய் நிற்கலாம் என்பதால் நம் ஆள் விலா, தொடை, முழங்கை என்று தாராளமாகக் காட்டிக்கொண்டு நிற்பான். மொத்தம் எழுபத்தொன்பது அடி. அந்தக் கல்லூரியில் இன்றுவரை அதுதான் சாதனை. ஆனால் பட்ட இடத்தைத் தேய்ப்பது மகா கேவலம். தேய்த்தால் பந்து வீசியவனுக்குக் கொண்டாட்டமாகிவிடும். "தேய்க்காதடா!" என்று பெஞ்சிலிருந்து மொத்த அணியும் கத்தும். லானி ஒருநாளும் தேய்த்ததில்லை.

படிப்பு முடிந்ததும் பெரிய அணி எதுவும் அவனைச் சீண்டவில்லை. அயோவாவில் மக்காச்சோள விதை விற்கப் போனான். ஆட்டம் விட்டது, அந்தப் புத்தி விடவில்லை. நாய் கடித்தாலும் "ஒண்ணுமில்ல." அப்பா இறந்த அன்றும் "ஒண்ணுமில்ல." அவன் மனைவி மேரிபெத் ஒரு நர்ஸ். மயக்கத்தில் கிடக்கும் நோயாளிகூட இவனைவிட அதிகம் முனகுவான் என்பாள்.

அவளுக்கு நாட்டின் மேற்குக் கோடியில், ஓரிகனில் வேலை கிடைத்தது.

"போகவா? நீ என்ன சொல்ற?"

"நல்ல வேலை. போ."

அவளை அனுப்ப அவனுக்கு மனசேயில்லை. முகத்தில் காட்டவில்லை. ஒரு மாதம் கேட்டுப் பார்த்தாள், அதே பதில்தான்.

"நான் இருந்தாலும் போனாலும் உனக்கு ஒண்ணுதான்" என்று பெட்டி கட்டினாள்.

சனிக்கிழமை காலை சாமான் ஏற்ற அவனே முன்னின்றான், பழைய அணித் தோழன் டுவேனையும் வரவழைத்து. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! டுவேன் இரும்புச் சட்டிகள் இருந்த பெட்டியை லானியின் காலிலேயே போட்டான்.

"வலிக்குதா?" என்று ஓடி வந்தாள் மேரிபெத்.

"இல்ல."

"இதுக்குமா?" அவள் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் போய்க் கார் கதவைத் திறந்தாள்.

லானி வாசலிலேயே பொத்தென்று உட்கார்ந்தான். "வலிக்குது, மேரிபெத்."

"எந்த விரல்?"

"விரல் கெடக்கு! நீ போறதுதான் வலிக்குது. ஒரு மாசமா ஒழுங்கா சாப்பிடல, தூங்கல."

"டேய், தேய்க்காதடா!" என்றான் டுவேன், பழக்க தோஷத்தில்.

"நீ வாய மூடு!" மேரிபெத் குனிந்து பூட்ஸைக் கழற்றினாள். இரண்டு விரல் கத்தரிக்காயாக வீங்கியிருந்தது. "இத சொல்ல உனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆச்சா? ஏறு வண்டியில. மொதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் ஓரிகன், ரெண்டு பேரும்."

"அங்க மக்காச்சோளம் போடுவாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? ஏறுய்யா!"

ஏறினான். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்க, ஆஸ்பத்திரி வரை வாய்விட்டு அலறிக்கொண்டே போனான்.