பொருள்: பைலட்டுக்கு ரிமோட் கார் வாங்கியது தொடர்பாக

1

இது ஒரு கடிதமாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் கதையாகிப் போனதற்கு நான் பொறுப்பல்ல. கடிதத்தில் எழுதக் கூடாத சில விஷயங்கள் நடந்துவிட்டன.

நான் கருணாகரன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எழுத்தர். குடியிருப்பது ராயபுரத்தில், மாடி வீட்டில். வந்தவாசிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, அனுப்புநர், பெறுநர், பொருள் போடாமல் எனக்கு இன்றுவரை எதுவும் எழுத வராது. அதனால் தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

கீழ்வீட்டுத் தேவப்பிரியம் அண்ணன் தட்டியது, மணலியில் இருக்கும் மகள் சாராவுக்குக் கடிதம் எழுத. அவள்தான் நாளைக்கு நாலு முறை போன் பண்ணுகிறாளே, கடிதம் எதற்கு என்று கேட்டேன்.

"போன்ல அவ என்ன முடிக்கவே வுட மாட்டா கருணா. பேப்பர்னா குறுக்க பேச முடியாது பாரு."

விஷயம் இதுதான். அவருடைய நாய் பைலட் முப்பத்தொரு கிலோ. இருபத்தாறுக்கு வராவிட்டால் அதன் பின்னங்கால்கள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கோ முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தெருமுனைக்கு மேல் நடை கிடையாது. ஒரு மாதத்துக்குள் ஏற்பாடு எதுவும் இல்லையென்றால், பைலட்டைப் பொன்னேரியில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் விட்டுவிடப்போவதாகச் சாரா சொல்லியிருக்கிறாள். மனைவி இறந்த பிறகு அண்ணனோடு அந்த வீட்டில் இருப்பது பைலட் மட்டும்தான்.

[கடித வரைவில் இருந்த இந்தக் கடைசி வாக்கியத்தை அண்ணன் படித்துவிட்டு, "அழுவாச்சியா கீது, எடுத்துடு" என்றார். எடுக்கவில்லை. இதை எடுத்தால் மிச்சக் கதை எதற்கு நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.]

அண்ணன் கண்டுபிடித்திருந்த ஏற்பாடு, ரிமோட் கார். செல்போனில் பார்த்தாராம்: ஒரு வெள்ளைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து காரை ஓட்டுகிறார், நாய் துரத்துகிறது.

"நான் குந்திகினே ஓட்டுவேன். அவன் ஓடுவான். இன்னா தப்பு?"

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ராயபுரத்தில் ஒரு நாய் இருந்தது." [ஒரு நாயா? எங்கள் தெருவிலேயே பதினொன்று.]

"கடல் அமைதியாக இருந்தது, தேவப்பிரியத்தின் மனமோ" [கடல் அன்று அமைதியாக இல்லை. அவர் மனத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?]

ஆகவே கடையிலிருந்தே தொடங்குகிறேன். பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் தஹ்சீனின் பொம்மைக் கடை. நான் வெள்ளைத்தாளில் பதினான்கு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"இன்னா ரேஞ்சுல பாக்குற சார்?"

"ஐம்பது மீட்டராவது வேண்டும்."

"ரூபாயில சொல்லு சார்."

ஆயிரத்தைந்நூறு என்றேன். மூன்று கார்களை எடுத்து வைத்தார். முதலாவது தரையோடு தரையாகப் படுத்திருந்த ரேஸ் கார். எங்கள் தெருவின் முதல் பள்ளத்திலேயே அடக்கமாகிவிடும். இரண்டாவது பாறைமேல்கூட ஏறுமாம். ஆனால் நாய் முன்னால் போய்த் திரும்பி நின்று காத்திருக்கிற வேகம். மூன்றாவது பெரிய சக்கரம் வைத்த சிவப்பு வண்டி. ஒரு சார்ஜுக்கு இருபது நிமிடம் ஓடும். கடித்தால் தாங்குமா என்பது என்னுடைய ஒன்பதாவது கேள்வி.

"யாரு, நீயா?" என்றார் தஹ்சீன்.

மீதி ஐந்து கேள்விகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிவப்பை வாங்கினேன்.

3

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, கருங்கல் கொட்டிய கடற்கரையை ஒட்டிய சிமெண்டுப் பாதை. அண்ணன் சுவர்மேல் ரிமோட்டோடு உட்கார்ந்தார். காரை வைத்தேன். அசையவில்லை.

"சிக்னல் குடு" என்றார்.

முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கீழே ஓர் ஆள் நின்று கைகாட்டாமல் ஒரு மூட்டையைக்கூட அசைத்ததில்லையாம். குறுக்கே யாருமே இல்லையே அண்ணே என்றேன். "எல்லாரும் அப்டிதான் சொல்வானுங்கோ" என்றார்.

எனவே நான் சிக்னல் ஆள் ஆனேன். சுமையைத் தூக்கச் சொல்ல 'ஆபீஸ்', இறக்கச் சொல்ல 'ஆரியா'. அவர் வேலை பார்த்த இடத்தில் எந்த மொழிக்காரருக்கும் இந்த இரண்டும் புரியுமாம். கார் கிளம்ப 'ஆபீஸ்', நிற்க 'ஆரியா' என்று பேசிக்கொண்டோம். பைலட்டைக் குட்டியிலிருந்து எழவும் உட்காரவும் பழக்கியதும் இதே இரண்டு சொற்களால்தான் என்பதை அண்ணன் சொல்ல மறந்துவிட்டார்.

நான் "ஆபீஸ்" என்றேன். கார் கிளம்பியது. பைலட் பின்னங்காலில் எழுந்து முன்னங்கால்களை என் தோளில் வைத்தது. முப்பத்தொரு கிலோ. விழுந்துகொண்டே "ஆரியா" என்று கத்தினேன். கார் நின்றது. பைலட் என் வயிற்றின்மேல் உட்கார்ந்தது.

காசிமேட்டுக்குக் கூடையோடு போய்க்கொண்டிருந்த மீன்காரர் மங்கம்மா நின்று பார்த்தார்.

"இன்னா நைனா, நாயி ஆபீஸ் போவ மாட்டேன்னு அடம்புடிக்குதா?"

அடுத்த நாளிலிருந்து வாய் திறக்காமல் கைச்சைகை மட்டும். பைலட் ஓடியது.

(அடிக்குறிப்பு போல ஒன்று: கடித வரைவில் பைலட்டை 'அது' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பள்ளியில் நாய் அஃறிணை என்றுதான் படித்தேன். இனிமேல் 'அவன்'.)

4

பன்னிரண்டு நாளில் ஒரு கிலோ குறைந்தான். பதின்மூன்றாம் நாள் ஓர் அலை கருங்கல்லைத் தாண்டி வந்து காரை நனைத்தது. ராத்திரி சார்ஜ் போடுவது என் பொறுப்பு என்பதால் வண்டி செத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். தஹ்சீன் பிரித்துப் பார்த்து, மோட்டாரில் உப்பு புகுந்துவிட்டது, கடலுக்கு நான் போட் அல்லவா கேட்டிருக்க வேண்டும் என்றார். அந்த விலையில் வேறு வண்டி அடுத்த சரக்கு வந்தால்தானாம்.

அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அன்று மாலை ரிமோட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தா

[இதையும் "அழுவாச்சி" என்பார். இத்தோடு நிறுத்திவிடுகிறேன்.]

காரின் மூக்கில் தூண்டிலின் நைலான் நரம்பைக் கட்டினேன். மறுநாள் அண்ணன் சுவர்மேலிருந்து ரிமோட்டை அழுத்தினார். நான் ஒரு கையில் நரம்பும் மறுகையில் சைகையுமாக ஓடினேன். எனக்குப் பின்னால் கார். அதற்குப் பின்னால் பைலட். எனக்கு வயது ஐம்பத்தெட்டு.

"வண்டி இப்பதான் சொன்ன பேச்சு கேக்குது" என்றார் அண்ணன்.

5

இந்த இடத்தில் அண்ணன் என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். முப்பத்தொரு வருடம் கயிற்றின் நுனியில் தொங்கும் சுமையையே பார்த்துக்கொண்டிருந்தவர். முன்னால் ஒருவன் மூச்சு வாங்க ஓடுவது எதற்கென்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தவராகவும் எழுதிப் பார்த்தேன், தெரியாதவராகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் அதே முகத்தோடு பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார்.

நேற்று சாரா சொல்லாமல் வந்துவிட்டாள். பாதையின் அந்தக் கோடியில், அப்பாவின் காதுக்கு எட்டாத தூரத்தில் என்னை நிறுத்தினாள். குனிந்து நரம்பை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"அங்கிள், டாடிக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது என்றேன். பைலட் இருபத்தெட்டுக்கு வந்துவிட்டான் என்பதையும் சொன்னேன்.

அவள் சுவர்ப் பக்கம் பார்த்தாள். கார் ஏன் நிற்கிறது என்று அண்ணன் ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம பொன்னேரிலேர்ந்து வண்டி வருது. நீங்க தெனமும் ஓடுவீங்கன்னா வேணான்னு சொல்லிட்றேன். ஆனா வாயால வேணாம் அங்கிள். எழுதிக் குடுங்க."

6

முடிவுகள்.

அ: பைலட் பொன்னேரி போகிறான், தோட்டத்தில் ஓடி இளைக்கிறான். நாய்க்கு இது நல்லதுதான், மறைக்க மாட்டேன். ஆனால் அதன் பிறகு அண்ணன் வீட்டுக் கதவுக்கு உள்ளே என்ன நடக்கும் என்பதை என்னால் எழுத முடியவில்லை.

ஆ: தஹ்சீனுக்குச் சரக்கு வந்துவிடுகிறது. [அடுத்த அலையும் வரும்.]

இ: நான் எழுதிக் கொடுக்கிறேன்.

இத்தனை வருடங்களில் எத்தனையோ மனுக்களில் 'ஆவன செய்யுமாறு' பிறரைக் கேட்டிருக்கிறேன். நான் செய்கிறேன் என்று ஒரு வரிகூட எங்கும் எழுதியதில்லை என்பது நேற்றுதான் உறைத்தது. பைலட்டுக்கு ஏழு வயது. இன்னும் ஐந்தாறு வருடம் இருப்பான்.

இன்று சனிக்கிழமை. வரைவு கீழே இருக்கிறது. இதற்கு மேல் என் பேனா நகரவில்லை. உங்களுடையது நகர்ந்தால் முடித்து வையுங்கள்.

அன்புள்ள சாராவுக்கு,

மழை நாட்கள் நீங்கலாக [அடித்தாயிற்று]

என் உடல்நிலை இடம் கொடுக்கும்வரை [அடித்தாயிற்று]

பைலட்டை நான் தினமும்