கோல் எடுங்க

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வைஃபை வந்ததும் என் அப்பா வீரையா செய்த முதல் காரியம், தண்ணித்தொட்டி மேட்டைத் திட்டியதுதான். செல்போன் சிக்னல் அந்த மேட்டில் மட்டுமே கிடைக்கும். அங்கே நின்று பேசினால் லைன் முழுக்கக் கேட்கும். எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லோருக்கும் தெரிந்தது அப்படித்தான்.

"இனி டவரும் வேணாம், மேடும் வேணாம். நம்ம நம்பருக்கு வர்ற போனு வைஃபையிலயே வரும்" என்றார் அப்பா.

"கரண்டு போனா?" என்றாள் அம்மா. நல்ல செய்தியில் ஒரு ஓட்டையாவது கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

தேயிலைக் கொழுந்து விலை விழுந்து, வாரத்தில் பாதி நாள்தான் வேலை. இதில் வைஃபை எதற்கு என்றால், இலங்கையில் ஹட்டனில் இருக்கும் தன் தங்கச்சியோடு பேச வேண்டும் என்பார். அப்பா மீசை முளைக்கும் வயதில் அங்கிருந்து வந்தவர். அத்தையோடு பேசிப் பேசி அவருடைய இலங்கைப் பேச்சு மறுபடி துளிர்த்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நவநீதன் என்னைப் பெண் பார்க்க வந்தார். ஜெகதளா பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் மெஷின் ஓட்டுபவர். அங்கும் வேலை குறைந்துபோனதால் திங்கட்கிழமை திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்ப இருந்தார். அதற்குள் முடிவு சொல்லிக்கொள்வது என்று பேச்சு. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அம்மா சுட்ட உப்பில்லாத வடையைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்ட மனுஷனை எப்படிப் பிடிக்காமல் போகும்?

அவர் செருப்பை மாட்டும்போது அப்பா சொன்னார். "தம்பி, வீட்டுல பேசிட்டு ஞாயித்துக்கெழம காலையில கோல் எடுங்க."

"கண்டிப்பா எடுக்கறனுங்க" என்றார் நவநீதன்.

ஞாயிறு காலை போய் மதியமும் ஆனது. போன் வரவில்லை. அம்மா வைஃபை பெட்டியை முறைத்தாள்.

"டவருல வர வேண்டியது இந்தப் பொட்டிக்குள்ள எப்பிடி நொழையும்?"

பெட்டியில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. நாமே பேசினால் என்ன என்று கேட்டேன்.

"சரிதா, பொண்ணு வீட்டுக்காரங்க முந்திக்கிட்டா எளப்பமா நெனப்பாங்க" என்றார் அப்பா.

அவர் கௌரவத்தைக் கட்டிக்கொண்டு நானா வாழப்போகிறேன்? போனை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். வைஃபையில் தவறிய அழைப்பு ஏதாவது இருந்தால் டவரில் மெசேஜ் வரும் என்று ஒரு நப்பாசை. நின்று நின்று பார்த்தேன். எதுவும் வரவில்லை. அவர் கூப்பிடவே இல்லை. வேண்டாம் என்பதை இப்படித்தான் சொல்கிறார் போல என்று நினைத்ததும் அழுகை முட்டியது.

பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா விறகோடு வந்து நின்றாள். "என்னா புள்ள, மாப்ள வீட்டுல இன்னும் சொல்லலையா?"

வந்த கோபத்தில் அவள் எதிரிலேயே அவர் நம்பரைப் போட்டேன். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை.

"எடுத்துட்டனுங்க" என்றார்.

"காலையிலருந்து ஏன் கூப்பிடல?"

"எடுக்கச் சொன்னாங்கள்ல உங்கப்பா? நீங்க கூப்புடுவீங்கன்னு போன கையிலயே புடிச்சிட்டு உக்காந்திருக்கறனுங்க. இன்னும் குளிக்கக்கூடப் போகலைங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹட்டன் பேச்சில் கோல் எடுப்பது என்றால் போன் செய்வது. ஜெகதளாவில் எடுப்பது என்றால், வந்த போனை எடுப்பது. அப்பா கூப்பிடச் சொல்லியிருக்கிறார், இவர் எடுக்கக் காத்திருக்கிறார். வைஃபை மேலும் டவர் மேலும் ஒரு குற்றமும் இல்லை.

"உங்க வீட்டுல என்ன சொன்னாங்க?" என்றேன்.

"அன்னிக்கே சரின்னுட்டாங்க. உங்க ஊட்டுலதான் பதிலே வரலீங்களே. வேண்டாம்னு நெனச்சுட்டீங்களோன்னு..." குரல் இறங்கிவிட்டது. "நீங்க என்னங்க சொல்றீங்க?"

"நாளைக்கு திருப்பூர் பஸ் ஏர்றதுக்கு முந்தி உங்கம்மாவக் கூட்டிக்கிட்டுப் பூ வைக்க வாங்க" என்றேன். "இப்ப போனை வச்சுட்டுப் போயி குளிங்க."