கெனாடியைத் தாண்டிய சுவர்க்கோழி

"அசையாதீங்க! யாரும் காலைத் தூக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே நெவேனா சவப்பெட்டி வைத்திருந்த மேசைக்கடியில் நுழைந்தாள். கையில் காலி ஊறுகாய் ஜாடி. அறுபத்தொரு வயதில், துக்கத்துக்கென்று நேற்று வாங்கிய கறுப்புப் பாவாடையோடு தவழ்வது லேசான காரியமில்லை. மேசைக்கு மேலே அவள் புருஷன் கெனாடி நல்ல கோட்டும் டையுமாக, கீழே நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் படுத்திருந்தார். மேசையைச் சுற்றிலும் அக்கம்பக்கத்தாரின் பூட்ஸ் கால்கள். அவற்றுக்கு நடுவே அந்தச் சுவர்க்கோழிப் பூச்சி ஒரு கணம் நின்றது. மீசையை இரண்டு முறை ஆட்டியது. ஜாடி கவிழ்வதற்குள் எங்கேயோ போய்விட்டது.

"போயிடுச்சு" என்றாள் நெவேனா, மேசைக்கடியிலிருந்தே.

"போயிடுச்சா? தாண்டிடுச்சுடி!" என்று நாத்தனார் ரூசா அலறினாள். செத்தவருக்கு மூத்தவள், எழுபத்து நாலு வயது, குரலுக்கு இன்னும் முப்பதுதான். "இந்தத் தோள்லேருந்து அந்தத் தோளுக்கு ஒரே தாவு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். என் தம்பியைத் தாண்டிடுச்சு!"

கூடத்தில் இருந்த நாற்பது பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். டான்யூப் ஆற்றங்கரை லோம் நகரத்தில் இதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உயிருள்ள எது பிணத்தைத் தாண்டினாலும், நாற்பது நாளைக்குள் அந்தப் பிணம் காட்டேரியாக எழுந்து வீட்டுக்கு வந்துவிடும். அதனால்தான் சாவு விழுந்த வீட்டில் முதல் வேலையாகப் பூனையைப் பிடித்து அடைப்பார்கள். கெனாடி வீட்டில் பூனை கிடையாது. நாலாயிரம் சுவர்க்கோழி இருந்தது.

எல்லாம் ஒரு ஜாடியில் ஆரம்பித்ததுதான். கெனாடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் வேலை கற்ற தோமா எங்கிருந்தோ ஒரு பச்சோந்தி வாங்கி வந்தான். அது அசைகிற இரையைத்தான் தின்னும். செத்ததைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "ஒரு ஜாடியில நாலு சுவர்க்கோழி வளர்த்துத் தரேன், அதுக்கென்ன" என்றார் கெனாடி. எட்டு வருஷத்தில் அந்த ஜாடி பதினோரு பெட்டியாகி, சின்ன அறை முழுவதையும் பிடித்துக்கொண்டது. தவிட்டில் மாவுப்புழு வந்தது. அப்புறம் வெப்ப நாட்டுக் கரப்பான் வந்தது. பல்லியும் உடும்பும் வளர்க்கிறவர்கள் பக்கத்து ஊர் விதினிலிருந்தும், ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும்கூட பஸ் ஏறி வந்து வாங்கிப்போனார்கள். நெவேனா அந்த எட்டு வருஷமும் ஒரே வசனத்தைத் தினமும் சொன்னாள்: "நீங்க கண்ணை மூடுங்க, மறுநாளே அத்தனையையும் தூக்கி பால்கனியில வைக்கிறேன்." பிப்ரவரியில் பால்கனி என்றால் ஒரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

ரூசாவுக்கு அந்த வசனம் நன்றாக நினைவிருந்தது. "நீயேதானே சொல்லிக்கிட்டிருந்தே? வை இப்ப. எல்லாப் பெட்டியையும் தூக்கி வெளியில வை."

நெவேனா மேசைக்கடியிலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். "சொன்னேன்தான். ஆனா தாண்டினது ஒண்ணுதானே அக்கா? மத்ததெல்லாம் என்ன பண்ணுச்சு?"

"என்ன பண்ணுச்சா? என் தம்பியைக் கொன்னுச்சு!"

கூடத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரு சுவர்க்கோழி தப்பித்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குடியேறிவிட்டது. முந்தாநாள் சாயங்காலம் சூப்பை மேசையில் வைத்தபோது நெவேனா தெளிவாகச் சொன்னாள்: "நாளைக்குள்ள அது வெளியே போகணும். இல்லேன்னா நீங்க போகணும்." மறுநாள் காலையில் அவள் ரொட்டி வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஃப்ரிட்ஜ் சுவரைவிட்டு ஒரு சாண் நகர்ந்திருந்தது. பக்கத்து முக்காலியில் கெனாடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, எப்படியும் ஆகியிருக்கும், இன்றைக்கு இல்லையென்றால் அடுத்த மாதம் என்றார் டாக்டர். ஃப்ரிட்ஜை நகர்த்தினதுதான் என்றாள் ரூசா. நெவேனா டார்ச்சை அணைத்து வைத்தாள், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் இன்னும் கோணலாகவே நின்றது. துக்கத்துக்கு வந்த பெண்கள் அதைச் சுற்றி ஒருக்களித்துத்தான் சமையலறைக்குள் போய்வந்தார்கள். யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை.

"அண்ணி, சுவர்க்கோழியெல்லாம் மிருகக் கணக்குல வருமா?" என்று தோமா மெதுவாகக் கேட்டான். அழுது அழுது அவன் மூக்கு பீட்ரூட் நிறத்தில் இருந்தது. "அது வெறும் தீனிதானே?"

"ஆறு கால் இருக்குடா அதுக்கு!" என்றாள் ரூசா. "நாலு கால் பூனை தாண்டினாலே எழுந்து வருவாங்க."

வழக்கு அங்கேயே நின்றபோது பாதிரியார் எவ்திமி வந்து சேர்ந்தார். குளிரில் தாடி ஈரமாக இருந்தது. சாவு வீட்டு வழக்கப்படி வந்தவருக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் அவித்த கோதுமையும் சர்க்கரையும் கொடுத்து, அவர் முதல் கரண்டியை விழுங்குவதற்குள் ரூசா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாதிரியார் யோசித்தபடியே மென்றார்.

"வேதத்துல சுவர்க்கோழி இருக்கு. தின்னலாம்னு இருக்கு. தாண்டலாமான்னு ஒண்ணும் இல்ல."

"அப்ப என்ன சாமி பண்றது?"

"திருச்சபை காட்டேரியை ஒத்துக்கிறதில்ல, ரூசா."

"காட்டேரி திருச்சபையை ஒத்துக்குமா சாமி?"

பாதிரியார் இன்னொரு கரண்டி கோதுமை எடுத்துக்கொண்டார். பத்து நாளைக்கு முன்னால் இதே ரூசாதான் கோயில் கூரைக்குத் தகரம் வாங்கித் தந்திருந்தாள். "பெரியவங்க என்ன சொல்வாங்க, இதுக்கு?"

"எது தாண்டுச்சோ அதே ஜீவன் வந்த வழியே திரும்பத் தாண்டணும். அப்பத்தான் கட்டு அவிழும். இன்னொண்ணு தாண்டினா கணக்கில்ல."

"அப்படின்னா அதைப் பிடிங்க" என்றார் பாதிரியார், நிம்மதியாக. "ரெண்டு மணிக்கு வண்டி வந்துடும்."

எல்லாரும் நெவேனாவைப் பார்த்தார்கள்.

"எனக்கென்ன தெரியும்? நான் ஒரு நாளாவது அதைத் தொட்டிருக்கேனா?" என்றாள் அவள். ஆனால் அடுத்த மூச்சிலேயே, தன் வாய்தானா இது என்று அவளே வியக்கும்படி, பேச்சு வந்துகொண்டே இருந்தது. "முதல்ல ஜன்னலை மூடுங்க. இந்தக் குளிர்ல அது பாடாது. பன்னெண்டு டிகிரிக்குக் கீழே போனா வாயைக் கட்டிக்கும். மெழுகுவத்திச் சூட்டுக்குத்தான் வெளியே வந்திருக்கு. யாரும் நடக்கக் கூடாது, தரை அதிர்ந்தா ஒரு மணி நேரம் மூச்சு விடாது. கேரட் வெச்சுப் பிரயோஜனமில்ல, அது ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி வேணும்கிறது தின்னுருக்கும். பாட வெச்சாத்தான் இருக்கிற இடம் தெரியும். அதுவும் ஆம்பளையா இருந்தாத்தான். பொம்பளை பாடாது."

"எங்க வீட்ல தலைகீழு" என்று ஜன்னலோரமிருந்து ஒரு ஆண் குரல் சொல்லியது. சத்தம் வராமல் நாலைந்து தோள்கள் குலுங்கின. அவன் மனைவி அவனைக் கிள்ளினாள்.

"இது ஆம்பளைதான். ஒரு வாரமா ராத்திரி என் உயிரை வாங்குச்சே" என்று முடித்தாள் நெவேனா.

ஜன்னலை மூடினார்கள். உடம்பு கெடாமலிருக்கச் சவ வண்டிக்காரர்கள் அணைத்து வைத்திருந்த ஹீட்டரைத் தோமா மறுபடி போட்டான். சின்ன அறைக்கு அப்போதும் தனிச் சூடு இருந்தது. அந்த அறைக் கதவின் கீழ் இடுக்கில் கெனாடியின் கம்பளிப் போர்வையைச் சுருட்டி அடைத்திருந்தது. பூச்சிகள் வெளியே வந்துவிடாமல் இருக்கத்தான் என்று நெவேனா காலையில் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தாள். யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

நாற்பது பேர் சிலைபோல் நின்றார்கள். மெழுகுவர்த்தி உருகுவது கேட்டது. மேல்மாடியில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். பாதிரியார் வாயிலிருந்த கோதுமையை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. வீடு சூடேறியது. சுவர்க்கோழி வாயைத் திறக்கவில்லை. எட்டு வருஷத்தில் நெவேனா ஒரு சுவர்க்கோழியின் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது இதுதான் முதல் தடவை.

அப்போது அவளுக்கு ஒன்று நினைவு வந்தது. அவள் சவப்பெட்டியின் பக்கம் மெல்லப் போனாள். கெனாடியின் கோட்டுப் பையில் நேற்று அவளே வைத்த சீப்பு இருந்தது. தலையில் முப்பது முடியே மிஞ்சியிருந்தபோதும் அந்தச் சீப்பில்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை. இரண்டு விரலால் அதை உருவி எடுத்தாள்.

"பிணத்துக்கிட்ட குடுத்ததை எடுக்கக் கூடாதுடி" என்று ரூசா மூச்சுக்குள் சொன்னாள்.

"திருப்பிக் குடுத்துடுவேன்."

சீப்பின் பல்லில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தாள். க்ர்ரீ. கெனாடி பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இப்படித்தான் இழுப்பார். பெட்டிக்குள்ளே இருக்கிற ஆண்களெல்லாம் வேறொருவன் வந்துவிட்டான் என்று ரோஷப்பட்டுக் கத்தும். அவர் சிரிப்பார். கல்யாணமான மனுஷன் செய்கிற வேலையா இது என்று அவள் அடுப்படியிலிருந்து கேட்பாள். க்ர்ரீ, க்ர்ரீ. கை தானாகவே அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. அது தன் காதில் இத்தனை பதிந்திருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மூன்றாவது இழுப்புக்குப் பதில் வந்தது.

மிக அருகில். கணீரென்று. எல்லாத் தலைகளும் திரும்பின. பதில் ரூசாவிடமிருந்து வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், காலையிலிருந்து குளிருக்காகக் கழற்றாமல் அவள் போட்டிருந்த கறுப்பு ஆட்டுரோமக் கோட்டின் இடது கைக்குள்ளேயிருந்து.

ரூசா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தம்பி செத்ததிலிருந்து அவள் சத்தமில்லாமல் இருந்தது அப்போதுதான்.

"அக்கா, மூச்சு விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே நெவேனா கோட்டுக் கைக்குள் விரல்களைச் செலுத்தினாள். ரோமம் கதகதப்பாக இருந்தது. வழுவழுவென்று, நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று தட்டுப்பட்டது. எட்டு வருஷம் கரண்டியாலும் துடைப்பத்தாலும் மட்டுமே தீண்டியதை அவள் வெறுங்கையில் பொத்தினாள். அது உள்ளங்கையை உதைத்தது. இத்தனூண்டுக்கு இவ்வளவு பலமா என்று இருந்தது.

"எந்தத் தோள்லேருந்து எந்தத் தோளுக்கு?"

"இடது... இல்ல, வலதுலேருந்து இடதுக்கு" என்றாள் ரூசா.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தப்பானா ரெண்டு தடவை தாண்டினதாயிடும்."

"வலதுலேருந்து இடதுக்கு. சத்தியமா."

நெவேனா பொத்திய கையைக் கெனாடியின் இடது தோளுக்கு மேலே கொண்டுபோனாள். டைக்கு மேலே, கோர்த்து வைத்த கைகளுக்கு மேலே மெதுவாக நகர்த்தினாள். நடுவில், நெஞ்சுக்கு நேராக, கை கொஞ்சம் நின்றது. வழக்கப்படி நிற்க வேண்டிய அவசியமில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு வலது தோளுக்குப் போய்ச் சேர்ந்தது. பாதிரியார் கன்னத்திலிருந்த கோதுமையை விழுங்கிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிலுவை வரைந்தார்.

"கால்ல போட்டு நசுக்கு" என்றாள் ரூசா. ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. கோட்டைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தாள்.

நெவேனா இடது கையால் சீப்பைத் திரும்பக் கோட்டுப் பையில் செருகினாள். சின்ன அறைப் பக்கம் திரும்பினாள். அதற்குள் படியில் கனத்த காலடிகள் கேட்டன. ரெண்டு மணி. சவ வண்டிக்காரர்கள் நாலு பேரும் கயிற்றோடு உள்ளே வந்து, "பொண்டாட்டி முன்னால நடக்கணும், வழி விடுங்க, வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். யாரோ அவள் தோளில் கறுப்புக் கோட்டைப் போட்டார்கள். யாரோ அவளை முன்னால் தள்ளினார்கள். மூன்று மாடியும் இறங்கி, அவள் வாசலில் ஒட்டியிருந்த கெனாடியின் மரண அறிவிப்பைக் கடந்து தெருவுக்கு வந்தபோது, வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. மூடியிருந்தது. இறுக்கியிருக்கவில்லை.

கல்லறை மேட்டில் டான்யூப்பிலிருந்து வரும் காற்று முகத்தை அறுத்தது. பாதிரியார் சீக்கிரமாகவே பாடி முடித்தார். பெட்டி இறங்கியதும் நெவேனா குனிந்து உறைந்த மண்ணை இடது கையால் கிளறி எடுத்துப் போட்டாள். துக்கம் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் இடது கையையே நீட்டினாள். பாவம், நிலை தெரியவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ரூசாகூட அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அப்போது நெவேனா வலது பக்கத்தை மட்டும் சற்று விலக்கி நின்றாள்.

திரும்பி நடக்கும்போது தோமா தன் கையுறைகளைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "போட்டுக்கோங்க அண்ணி. கை நீலமாயிடுச்சு."

"ஒண்ணு போதும்" என்று இடது கையுறையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

தோமா அவள் கோட்டுப் பையைப் பார்த்தான்.  இரண்டடி தள்ளி நடந்துகொண்டிருந்தவன், காற்று வரும் பக்கமாக மாறிவந்து, அதை மறைத்தபடி நடந்தான்.